ஆமை முட்டைக்குக் காவல் யார்?

(வல்லம் வடகாலில் இளந்தொழிலாளரும் மாணவரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



கடலே தெரியாத தொழிற்பேட்டையில் கடற்காப்புப் பற்றிப் பேச்சா என வியக்க வேண்டா. நம் வட்டாரத்து ஏரிகளின் மறுகால் நீர் செம்பரம்பாக்கத்தையும் அடையாற்றையும் சேர்ந்து, பெசன்று நகருக்கு வடக்கே கடலிற் கலக்கின்றது. இங்கு வாய்க்காலில் வீசும் நெகிழிப்பை அங்கு ஆமையின் தொண்டையை அடைக்கக்கூடும்.

அகநானூற்று 160ஆம் பாட்டில், குமுழி ஞாழலார் நப்பசலையார் கடலாமை மணலில் முட்டை புதைப்பதைப் பாடியுள்ளார். குஞ்சு பொரியும்வரை ஆணாமை காத்திருக்கும் என்பது அவர் கூற்று. இற்றை விலங்கியலார் கண்டதோ வேறு. தாய் அன்றிரவே கடலுக்குத் திரும்பிவிடும். ஆண் கரையேறுவதே இல்லை. எனில், புலவர் கண்ட அக்காவற் பணியை ஏற்பவர் யார்?

ஏற்றவர் இளைஞர்! 1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்தோர் தொடங்கிய இரவுநடையை, 1988 முதல் மாணவர் கடலாமைக் காப்பு இணையத்தார் தொடர்ந்து வருகின்றனர். ஆண்டுதோறும் முட்டையிடும் பருவத்தில், நீலாங்கரைக்கும் பெசன்று நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து, ஆமைச் சுவடு கண்டு குழியறிந்து, ஏறத்தாழ நூறு முட்டைகளையும் பதமாக எடுத்துக் காப்பிடத்தில் மீண்டும் புதைக்கின்றனர். ஏறக்குறைய நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் வெப்பம் மிகின் பெண்ணும், குறையின் ஆணும் மிகுதியாகப் பிறக்கும். குஞ்சு ஒளி மிக்க திசையை நோக்கியே ஊரும். கரையோர விளக்குகள் அதனைத் தெருவுக்கு இழுத்துச் சாகடிக்கும்.

இந்நடை தரும் பயிற்சி யாது? சுவடு காணும் கண். முட்டை உடையாது எடுக்கும் கை. கண்டதைக் கண்டவாறே குறித்து வைக்கும் ஒழுங்கு. பரதவரிடம் பணிந்து கேட்டறியும் பண்பு. இந்நான்கையும் வகுப்பறைப் பலகையில் எழுதிக் கற்பித்தல் அரிது.

ஆயினும், முட்டையை மட்டும் காத்தாற் போதுமா? 2025 சனவரியில் தமிழகக் கரையில், சிறப்பாகச் சென்னையை ஒட்டி, ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆமைகள் செத்தொதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவை மடியில் நெடுநேரம் சிக்கின், நீருக்குமேல் வரவியலாது மூச்சடைத்து மாயும். முட்டையிடும் பருவத்தில் கரையினின்று 5 கடல்மைலுக்குள் விசைப்படகுகள் மடியிழுத்தல் ஆகாது என ஆணை உண்டு. வலையினின்று ஆமை தப்பப் பொருத்தும் விலக்கியும் உண்டு. கரணியம் அறியாத காவல் அரைக்காவல். ஆதலின், ஆணை நடைமுறையில் உள்ளதா எனக் கேட்கும் துணிவையும் இளைஞர்க்குப் பயிற்ற வேண்டும். அதன்பொருட்டுப் பரதவர் அனைவரையும் பழித்தல் அறமன்று. சிறுபடகில் செல்வோர்க்கும் அவ்விழுவை மடியே பகை.

இன்னொன்று. நம் கடல்களில் காணப்படும் ஐவகை ஆமைகட்கும் நம் கடலோரத்தார் பெயரிட்டுள்ளனர்: பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, தோணியாமை, பெருந்தலையாமை. பங்குனி ஆமை எனும்போதே அது கரையேறும் காலமும் விளங்குகின்றது. அதனை 'ஆலிவ் ரிட்லி' என்றே எழுதிப் பழகின், பெயரோடு அவ்வறிவும் மறையும். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் எனக் காற்றைப் பிரித்தறிந்தோரின் மக்கள், இன்று காற்றுப்புகாத கூடங்களில் பணி செய்கின்றனர். பணி வேண்டும், ஆனால் அவ்வறிவும் அழிதலாகாது.

ஆதலின் மூன்று கேட்கின்றேன். வரும் பருவத்தில் ஓரிரவேனும் சென்று அம்மாணவரோடு நடந்து வாருங்கள். கடலோரத்தினின்று இங்கு வந்திருக்கும் தங்கையரே, உங்கள் தந்தையர் வழங்கும் மீன், காற்று, நீரோட்டப் பெயர்களை எழுதித் தொகுத்துத் தாருங்கள். நம்மூர் வாய்க்காலில் நெகிழி விழாது முறைவைத்துக் காத்திடுங்கள். கடற்காவலின் முதற்படி அவ்வாய்க்காற் கரையே.