அங்கியைத் திருப்பித் தர வேண்டும்

லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோரே, இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே,

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று பக்கத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். ஒர்லியும் தூரமில்லை, டிராஃபிக் மனசு வைத்தால். அங்கே என்.எஸ்.சி.ஐ. அரங்கில் 2017 ஆகஸ்ட் 5 இரவு, சீன வீரர் ஜுல்பிகர் மைமைதியாலியை விஜேந்தர் சிங் வென்றார். அது எல்லோருக்கும் தெரியும். அதே இரவு, அதே மேடையில், ஹரியானாக்காரர் ஒருவர் பிலிப்பைன்ஸின் ஆலன் தனாடாவோடு 12 ரவுண்டும் நின்று ஜெயித்தார். அவர் பெயர் நீரஜ் கோயத். வெல்டர்வெயிட் வீரர். நான் பேச வந்தது அவரைப் பற்றி.

'சார்பட்டா பரம்பரை' பார்த்தவர்களுக்குக் குத்துச்சண்டை என்றால் பரம்பரை, ரோசம், விசில். தொழில்முறைச் சண்டையில் அதெல்லாம் குறைவு. அமெச்சூரில் பதக்கம் வாங்கினால் ரயில்வேயோ போலீஸோ வேலை கொடுக்கும். காசுக்கு ஆடுகிறவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அடுத்த சண்டை எப்போது என்பதே தெரியாது. ஆனால் உடம்பு மட்டும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். வெல்டர்வெயிட் என்றால் 147 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, சுமார் 66.7 கிலோ. முந்தின நாளே தராசில் ஏற்றிவிடுவார்கள். அதற்காகத் தண்ணீரைக் குறைத்து, வியர்த்து, கன்னம் ஒட்டி வந்து நிற்பார்கள். இறங்கின கையோடு குடிப்பார்கள் பாருங்கள், அந்தத் தண்ணீருக்கு எந்தக் கோப்பையும் ஈடாகாது.

கோயத்தின் காலண்டரைக் கொஞ்சம் புரட்டுங்கள். 2015இல் டபிள்யூ.பி.சி. ஆசிய பெல்ட். 2016இல் தொழில்முறை வீரர்களுக்கும் ஒலிம்பிக் கதவு முதல்முறையாகத் திறந்தது. தகுதிச் சுற்றுக்கு வெனிசுவேலா வரை போனார், ரியோ கை நழுவியது. 2019 ஜூலை 12, ஜெட்டாவில் அமீர் கானோடு சண்டை என்று முடிவாகியிருந்தது. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அதே அமீர் கான். வாழ்நாளில் ஒருமுறை வருகிற வாய்ப்பு. சண்டைக்குச் சில வாரங்களுக்கு முன் கோயத்துக்குக் கார் விபத்து. தலையிலும் முகத்திலும் கையிலும் காயம். அவர் இடத்தில் ஆஸ்திரேலியாவின் பில்லி டிப் ஏறினார்.

பிறகு, 2024 நவம்பர் 15. டெக்சாஸில் மைக் டைசன் – ஜேக் பால் மோதிய அதே இரவு. 70,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கோயத் ஜெயித்தார். எதிரே நின்றவர் பிரேசிலின் நகைச்சுவைக் கலைஞர், யூடியூபர் விண்டர்சன் நூனெஸ். ஆசிய பெல்ட் கட்டியவருக்குக் கிடைத்த மிகப் பெரிய கூட்டம், ஒரு காமெடியனோடு மோதும்போது! எனக்கு இதில் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. அவர் கோபப்பட்டாரா, தெரியாது. போய் ஒழுங்காகச் சண்டை போட்டார். வெற்றிக் கணக்கில் ஒன்று ஏறியது. ஜெட்டாவுக்குப் போகாத அந்த நாள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. உங்கள் மார்க் ஷீட்டிலும் அப்படி ஏறாத நாட்கள் இருக்கும். பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைக் கேட்டால் தேதியோடு சொல்வார்கள்.

குத்துச்சண்டைக்காரனும் அங்கி போட்டுக்கொண்டுதான் மேடைக்கு வருவான். மணி அடிக்கும் முன் கழற்றி, மூலையில் நிற்பவரிடம் கொடுத்துவிடுவான். உங்கள் அங்கியும் வாடகைதான். ஆறு மணிக்குள் கவுண்டரில் கொடுத்துவிட்டு, டெபாசிட்டை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.