கொழும்புத் துறைமுகமும் யப்பானிய முதலும்

(நமது சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



யப்பானியக் கம்பனிகள் பிற நாடுகளில் இடும் முதலைப் பற்றிப் பேசும்படி பணித்தீர்கள். அதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து சிறிது நடந்தால் துறைமுகம் வந்துவிடும்.

1942 ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசின. பயந்து ஊருக்கு ரயிலேறியவர்களின் கதையைச் சில வீடுகளில் இன்னும் சொல்வார்கள். 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜே. ஆர். ஜயவர்த்தனா, யப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்றார். குண்டு விழுந்து 51 ஆண்டுகள் கழித்து, 1993இல், ஒனோமிச்சி என்னும் யப்பானியக் கம்பனி, அதே துறைமுகத்திலுள்ள கொழும்பு டொக்யார்ட்டின் 51 வீதப் பங்குகளுக்கு உரியதாயிற்று. எண்கள் இப்படி ஒத்துவந்தது தற்செயலே. சோதிடம் பார்க்க வேண்டாம்!

நேரடி முதலீடு என்பது கடன் அன்று. வெள்ளவத்தையில் கடை வைத்திருப்பவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கைமாற்றுக் கொடுத்த மைத்துனர் வேறு, கல்லாவில் வந்து உட்காரும் பங்காளி வேறு. பங்காளிக்கு இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு. கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பார்ப்பார்.

யப்பானியர் இவ்வாறு பெருந்தொகையாக வெளியே கிளம்பியது 1985க்குப் பின்னர்தான். அவ்வாண்டு செப்டெம்பரில் நியூயோர்க்கில் பிளாசா உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒரு டொலருக்கு ஏறக்குறைய 240 யென் என்றிருந்தது, இரண்டொரு ஆண்டுகளில் பாதியளவாயிற்று. யென்னின் மதிப்பு ஏறவே, யப்பானில் செய்த பொருளை வெளியில் விற்பது கடினமாகியது. ஆகவே தொழிற்சாலைகளையே தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கொண்டுசென்றார்கள்.

நாமும் வாசலைத் திறந்துதான் வைத்திருந்தோம். மாத்தளையில் நொரிடேக்கே பீங்கான் தொழிற்சாலை அதற்கு முன்பே வந்திருந்தது. 1978இல் கட்டுநாயக்க வலயத்துக்கு வழிவகுத்தவரும் அதே ஜயவர்த்தனாதான். ஆனால் 1983 ஜூலையில் இந்த வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடந்ததை இங்குள்ள பெரியோர்களுக்கு நான் சொல்லவேண்டுமா? அயல்வீட்டுக்காரனின் கடை எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் அந்நியன் எப்படித் துணிந்து ஆலை கட்டுவான்? யென் ஏறிய அந்த நல்ல ஆண்டுகளில் நாம் போரில் இருந்தோம். இழந்த உயிருக்கும் உடைமைக்கும் கணக்குப் பார்க்கிறோம்; வராமற்போன வேலைகளுக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அதனாற்றான் டொக்யார்ட்டைப் பெரிதாகச் சொல்கிறேன். போர் நடந்துகொண்டிருக்கையிலேயே வந்த முதல் அது. நீரை இறைத்துவிட்டுக் கப்பலின் அடிவயிற்றைப் பழுதுபார்க்கும் உலர்துறைகள் அங்கே நான்கு. பழுதுபார்த்தலோடு நில்லாமல், புதுக் கப்பல்களும் கட்டினார்கள். 2019இல், கடலடித் தந்தி பதிக்கும் ‘கே.டி.டி.ஐ. கேபிள் இன்பினிட்டி’ என்ற கப்பலைக் கட்டி யப்பானுக்கே அனுப்பினார்கள். கொழும்பில் கட்டிய கப்பலை யப்பானியர் வாங்கிச் சென்றார்கள் என்பதை இளைஞர்கள் கவனிக்கவேண்டும்.

பங்காளி என்றும் இருப்பாரென்பதில்லை. நட்டம் கண்ட பின், 2024இன் இறுதியில் ஒனோமிச்சி விலகத் தீர்மானித்தது. 2025 ஜூனில் மும்பாயின் மசகோன் டொக் கம்பனி, ஏறக்குறைய 5 கோடி 30 இலட்சம் டொலர் வரை கொடுத்து அப்பங்கை வாங்குவதாக அறிவித்தது.

முதல் கைமாறலாம், இரும்பை ஒட்டக் கற்றவனின் கைவேலை அவனிடமே இருக்கிறது. பெரியோர்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். “அப்பா, நான் வெல்டிங் பழகப்போகிறேன்” என்று மகன் வந்து சொன்னால், நம்மில் எத்தனை பேர் முகம் கோணாமல் “போய்வா” என்போம்?