சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்!

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது.

சிறை, பள்ளி, பட்டாளம் ஆகியவை மனித உடலை எப்படிப் பழக்குகின்றன என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ 1975-இல் எழுதினார். நம் தோட்டத்து விடியற்காலைப் பெரட்டும் லயமும் அதே வகைதானே! அதிகாரம் உள்ள இடத்தில்தான் எதிர்ப்பும் முளைக்கும் என்பது அவர் கருத்து.

1941-இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பொருளாதார மாணவர் கூலிப் போராட்டமாகவே படிப்பார். ஆனால் துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் ஒன்று. கள்ளுக்கடையை மூடச் சொன்னதும் அவர்கள்தாம்.

கூலியைப் பேசித் தீர்க்கலாம். இதை எப்படித் தீர்ப்பது? நாதனை நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.