மர நிழலில் ஒரு வாடகை வீடு

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றார், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிட்னி நகரின் வடமேற்கே, நகர மையத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தொலைவில், செரிபுரூக் என்னும் புறநகர் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் பழத்தோட்டங்களும் பண்ணைகளுமாக இருந்த நிலம் அது. இன்று வளைந்து செல்லும் தெருக்களும், செங்கல் வீடுகளும், அவற்றுக்கு மேலே உயர்ந்து நிற்கும் யூக்கலிப்டஸ் மரங்களுமாகக் காட்சி தருகின்றது. அப்பகுதியை உள்ளடக்கிய ஹோர்ன்ஸ்பி நகரசபை தன்னைக் 'காட்டுநில நகரசபை' என்றே அழைத்துக்கொள்கின்றது. அண்மையில் உள்ள மேற்கு பென்னன்ட் ஹில்ஸில் நகருக்கு நடுவே ஓர் அரச வனமும் உண்டு. வென்ட்வேர்த்வில், துங்காபி, பென்டில் ஹில் ஆகிய இடங்களில் முதலில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல, பிள்ளைகள் ஆறாம் வகுப்பை நெருங்கும் காலத்தில் இந்த மர நிழலை நோக்கி நகர்வது வழக்கமாகிவிட்டது. வீடு வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. ஆகவே வாடகைக்குச் செல்கின்றனர். அவ்வாறு சென்ற ஒரு குடும்பத்தை முன்னிறுத்தியே இவ்வுரை அமைகின்றது. பெயர் எதற்கு? இந்த அவையில் அமர்ந்திருக்கும் பலருக்கும் அது தம் வீட்டுக் கதையாகவே தோன்றக்கூடும்.

தந்தை, தாய், மகள், மகன், தந்தையின் தாயாகிய அப்பம்மா என ஐவர் கொண்ட குடும்பம். 2018 ஆம் ஆண்டின் இறுதியில் வென்ட்வேர்த்வில்லிலிருந்து செரிபுரூக்கிற்கு வந்தது. காரணம் ஒன்றே: செரிபுரூக் தொழில்நுட்ப உயர்பாடசாலை. மாநிலத்தின் மிகப் பெரிய அரச உயர்பாடசாலைகளுள் ஒன்றான அதில், எல்லைக்குள் வாழும் பிள்ளைக்கு இடம் உறுதி. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒவ்வொரு சாதாரண அரச பாடசாலைக்கும் வரைபடத்தில் ஓர் எல்லை உண்டு. வீதியின் ஒரு பக்கம் ஒரு பாடசாலைக்கும் மறுபக்கம் இன்னொரு பாடசாலைக்கும் உரியதாக இருப்பதுமுண்டு. வீட்டு முகவர் விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பி ஒப்பமிட்டுவிட்டு, பின்னர் எல்லைக்கு வெளியே இருப்பதை அறிந்து வருந்தியோர் உளர். கல்வித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வீட்டு முகவரியை இட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். ஒப்பமிடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

அக்குடும்பம் அதைச் செய்தது. செய்யத் தவறியது வேறொன்று. வீட்டைப் பார்க்கச் சென்ற சனிக்கிழமை காலை, வாசலில் இருபது பேர் வரிசையில் நின்றனர். பதினைந்து நிமிடமே வீடு திறந்திருந்தது. அறைகளை எண்ணினர், சமையலறையைப் பார்த்தனர், வாசல் கிழக்கு நோக்கியிருப்பதைக் கண்டு அப்பம்மா மகிழ்ந்தார். சூரியன் எங்கே நிற்கும் என்பதை எவரும் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் தெற்குக் காற்றையும் கிழக்கு வாசலையும் தேடிப் பழகிய கண்களுக்கு, தென்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகவே வானில் செல்லும் என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. மேட்டின் தெற்குச் சரிவில், மூன்று பெரிய மரங்களின் கீழ் அமைந்த வீடு அது. யூன், யூலை மாதங்களில் பின்னறைகளில் ஒரு மணி நேரம்கூட வெயில் விழுவதில்லை. பின்னறை அப்பம்மாவுக்கு ஒதுக்கப்பட்டது.

முதல் மூன்று ஆண்டுகள் நல்லவையாகவே கழிந்தன. 2019 ஆம் ஆண்டு மே மாதம் மெட்ரோ தொடருந்து சேவை தொடங்கியதும் தந்தையின் பயணம் இலகுவாயிற்று. பிள்ளைகள் காலையில் குக்கபரா பறவையின் சிரிப்பொலியோடு எழப் பழகினர். வசந்த காலத்தில் முட்டையிட்ட மக்பை பறவைகள் தலையைக் கொத்த வரும் என்பதையும், தோட்டத்தில் கிடந்த சப்பாத்தை உதறாமல் காலில் இடக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டனர். சிட்னியின் வலைச்சிலந்தி கடித்தால் உயிருக்கே ஆபத்து. 2019 நவம்பரில் அருகிலுள்ள தெற்கு டுராமுராவில் காட்டுத்தீ வீடுகளை நெருங்கியபோது, வானூர்திகள் தூவிய செந்நிறத் தீத்தடுப்புப் பொருள் கூரைகளையும் கார்களையும் சிவப்பாக்கியது. அன்றுதான் பலருக்கு அழகிய மரங்களின் மறுபக்கம் தெரிந்தது. வீட்டு உரிமையாளரின் காப்புறுதி வாடகைக்கு இருப்போரின் பொருட்களைக் காக்காது என்பதும் பலருக்கு அன்றே தெரிந்தது. தளபாடங்களுக்கும் உடைமைகளுக்கும் தனியே காப்புறுதி எடுக்க வேண்டும்.

அப்பம்மாவின் நிலை வேறு. வென்ட்வேர்த்வில்லில் அவர் நடந்தே கடைக்குச் செல்வார். முருங்கைக்காயை முறித்துப் பார்த்து வாங்குவார். வழியில் இருவரோடு பேசிவிட்டு வருவார். மேஸ் ஹில் முருகன் கோவிலுக்கு யாரேனும் காரில் ஏற்றிச் செல்வார்கள். புதிய தெருவில் நடைபாதை ஒரு பக்கம் மட்டுமே, அதுவும் ஏற்றம். பகல் முழுவதும் தெருவில் மனித நடமாட்டமே இல்லை. 'பிள்ளைகளுக்கு நல்ல இடம்' என்று சொல்லும்போது அந்த வீட்டில் பிள்ளைகள் மட்டுமா வாழ்கின்றனர் என்ற கேள்வியைப் பெரும்பாலான குடும்பங்கள் கேட்பதில்லை. கேட்க வேண்டும். மர நிழல் அனைவருக்கும் ஒரே குளிர்ச்சியைத் தருவதில்லை.

2022 ஆம் ஆண்டு, சிட்னியில் பதிவேடுகள் தொடங்கிய நாளிலிருந்து மிக அதிக மழை பெய்த ஆண்டு. இலைகள் அடைத்துக்கொண்ட கூரைப் பீலிகள் நிரம்பி வழிந்தன. பின்னறைச் சுவரில் கரிய பூஞ்சணம் படர்ந்தது. அப்பம்மாவுக்கு இருமல் தொடங்கியது. பீலியைத் துப்புரவாக்குவதும் பெரிய மரக்கிளைகளை வெட்டுவிப்பதும் பொதுவாக உரிமையாளரின் பொறுப்பு. புல் வெட்டுவதும் தோட்டத்தைப் பேணுவதுமே குடியிருப்போரின் வேலை. தந்தைக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாரோ என்பது ஐயமே. 'முறைப்பாடு செய்தால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள்' என்ற அச்சம் அவரை வாய்மூட வைத்தது. வார இறுதிகளில் தானே ஏணி வைத்து ஏறினார். சுவரை வெண்மையாக்கும் திரவத்தால் துடைத்தார். இரண்டு ஆண்டுகள் துடைத்தார்.

2024 ஏப்பிரலில், பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற மகள் பொறுமை இழந்து, தந்தையின் பெயரில் முகவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். இங்கு ஒரு சொல் இடைமறித்துக் கூறத்தக்கது. தமிழ் வீடுகளில் வாடகை, வங்கி, மருத்துவமனை தொடர்பான கடிதங்களைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளே எழுதுகின்றனர். பெற்றாரின் அச்சத்தையும் அவர்களே சுமக்கின்றனர். அதைப் 'பிள்ளையின் கெட்டித்தனம்' என்று பாராட்டிக் கடந்துவிடுவது நியாயமன்று. 131 450 என்ற இலக்கத்தில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை தமிழிலும் கிடைக்கின்றது. குடியிருப்போருக்கான இலவச ஆலோசனை நிலையங்களும் மாநிலமெங்கும் உள்ளன.

மின்னஞ்சலுக்கு மறுமொழியாக ஒருவர் வந்து சுவரைப் பார்த்துச் சென்றார். யூலை மாதம், ஒப்பந்த காலம் முடிவதால் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யுமாறு அறிவித்தல் வந்தது. மகளின் முன்னோடிப் பரீட்சைகள் தொடங்கவிருந்த வாரம் அது. முறைப்பாட்டுக்கும் அறிவித்தலுக்கும் தொடர்பு உண்டா என்பதை எவரும் நிறுவ இயலாது; காரணம் கூற வேண்டிய கடமையே அன்று உரிமையாளருக்கு இருக்கவில்லை. ஆயினும் பழிவாங்கும் நோக்குடைய அறிவித்தலைத் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம் என்ற ஏற்பாடு 2010 ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தில் அன்றும் இருந்தது. அக்குடும்பம் அதை அறிந்திருக்கவில்லை. பெட்டிகளைக் கட்டத் தொடங்கியது.

அந்நிலை இப்போது மாறியுள்ளது. 2025 மே 19 முதல் நியூ சவுத் வேல்ஸில் காரணம் கூறாமல் குடியிருப்போரை எழுப்ப இயலாது. உரிமையாளர் அல்லது அவரது குடும்பத்தினர் குடிவருதல், விற்பனை, பெரிய அளவிலான திருத்த வேலை போன்ற சட்டம் ஏற்கும் காரணம் ஒன்று வேண்டும். பல காரணங்களுக்கு ஆதாரமும் இணைக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட ஒப்பந்தம் முடியும்போது 90 நாள் அவகாசம் தரவேண்டும். பொய்க் காரணம் கூறி எழுப்பிவிட்டு மறுவாரமே வேறொருவருக்கு விடுவதைத் தடுப்பதற்காக, சில காரணங்களில் குறிப்பிட்ட காலம் வரை வீட்டை மீண்டும் வாடகைக்கு விடவும் தடை உண்டு. வாடகையைப் பன்னிரண்டு மாதத்திற்கு ஒரு முறைக்கு மேல் உயர்த்த முடியாது என்பது 2024 ஒக்டோபர் 31 முதல் எல்லா ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும். உயர்வுக்கு 60 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். மிகையென்று கருதினால் அறிவித்தல் கிடைத்த 30 நாளுக்குள் 'என்கட்' எனப்படும் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். வளர்ப்பு மிருகத்தை மறுப்பதற்கும் இப்போது சட்டம் ஏற்கும் காரணம் தேவை. (பூனை கேட்டு அழும் பிள்ளைகளுக்கு இனி 'வீட்டுக்காரர் விடமாட்டார்' என்று பெற்றார் தப்பித்துக்கொள்வது கடினம்.)

புதிதாகச் செல்வோர் பணத்தின் கணக்கையும் அறிந்திருத்தல் நல்லது. 'பொண்ட்' எனப்படும் பிணைப்பணம் நான்கு வார வாடகையை மீறக் கூடாது. முன்வாடகையாக இரண்டு வாரத்திற்கு மேல் வற்புறுத்திக் கேட்கக் கூடாது. வாரம் 900 டொலர் எனக் கொண்டால் 3,600 உம் 1,800 உமாக 5,400 டொலர் கையில் இருக்க வேண்டும். பிணைப்பணம் உரிமையாளரின் பைக்குள் செல்வதன்று. அரச அமைப்பில் வைப்பிடப்படுவது. விளம்பரத்தில் குறித்த தொகையைவிடக் கூடுதலாகத் தருமாறு முகவர் கேட்பதும் சட்டவிரோதம்.

ஆனால் பணத்தைவிடத் தமிழர் கோட்டை விடும் இடம் தாளில் உள்ளது. வீட்டுக்குள் நுழையும்போது தரப்படும் நிலை அறிக்கையை ஏழு நாளுக்குள் நிரப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலர் அதை அலுமாரியில் வைத்துவிடுகின்றனர். கம்பளத்தின் கறை, கதவின் கீறல், குளியலறை ஓட்டின் வெடிப்பு ஆகியவற்றைத் திகதியோடு படமெடுத்து எழுதி அனுப்பினால், வெளியேறும் நாளில் பிணைப்பணத்திற்காகக் கெஞ்ச வேண்டியதில்லை. திருத்த வேலை எதையும் தொலைபேசியில் சொல்லிவிட்டு விடக் கூடாது. அன்று மாலையே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். மின்கோளாறு, நீர்க்குழாய் வெடிப்பு போன்ற அவசர வேளையில் முகவரைத் தொடர்புகொள்ள இயலாவிடின், உரிமம் பெற்றவரைக் கொண்டு 1,000 டொலர் வரை செலவிட்டுத் திருத்தி, அத்தொகையைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. இன்னொன்று: உறவினர் வீட்டில் பங்குக்கு இருக்கும் இளையோர் தம் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுகள் ஒழுங்காக வாடகை கொடுத்தும் தாளில் பெயர் இல்லையேல், அடுத்த வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அவருக்கு வாடகை வரலாறே இல்லை.

அக்குடும்பத்திற்கு மீள்வோம். முப்பது நாளில் பதினொரு வீடுகளுக்கு விண்ணப்பித்தனர். மகள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதால் அதே பாடசாலையில் தொடர முடிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்த மகனுக்கோ புதிய முகவரியே பாடசாலையைத் தீர்மானித்தது. கிடைத்த வீடு பென்னன்ட் ஹில்ஸில், தொடருந்து நிலையத்திற்கு அருகே. செரிபுரூக் எல்லைக்கு வெளியே. எந்தப் பாடசாலைக்காக ஆறு ஆண்டுகள் வாடகை கொடுத்தார்களோ, அந்தப் பாடசாலை இளையவனுக்குக் கிட்டவில்லை என்று தாய் பல இரவுகள் அழுதார். அவன் வேறு அரச உயர்பாடசாலையில் சேர்ந்து, முதல் மாதத்திலேயே கிரிக்கெட் அணியில் இடம்பிடித்து, அழுகைக்குக் காரணம் புரியாதவனாகத் திரிந்தான். மகள் பெட்டிகளுக்கு நடுவே படித்துப் பரீட்சை எழுதினாள். அவள் விரும்பிய பாடநெறிக்குச் சிறிது குறைவான புள்ளிகளே கிடைத்தன. வீடு மாறாதிருந்தால் கிடைத்திருக்குமா என்று அந்த வீட்டில் இன்றுவரை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

இம்முறை வீடு பார்க்கச் சென்றபோது தந்தை கைத்தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்திருந்தார். புதிய வீடு சிறியது. ஓர் அறை குறைவு. எனினும் முன் விறாந்தை வடக்கு நோக்கியது. குளிர்காலத்திலும் அங்கே வெயில் விழுகின்றது. அப்பம்மாவின் இருமல் குறைந்துள்ளது. கடைக்கும் தொடருந்து நிலையத்திற்கும் அவர் மெதுவாக நடந்தே சென்று வருகின்றார். நிலையத்தில் சந்தித்த ஒரு குஜராத்தி மூதாட்டியோடு இருவருக்கும் பொதுவான மொழி எதுவுமின்றியே நெடுநேரம் உரையாடுகின்றார். விறாந்தையில் அவர் மோர்மிளகாய் காயவைப்பதும், வெள்ளைக் கொக்கட்டூ கிளிகள் கூட்டமாக வந்து அதைக் கொத்தி எறிவதும், பேரன் தும்புத்தடியோடு ஓடி வருவதும் இப்போது அந்த வீட்டின் அன்றாடக் காட்சி. சென்ற முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது முகவர் அனுப்பிய தாள்களைத் தந்தையே முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை வாசித்து, இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு, மறுமொழி வந்த பின்னரே ஒப்பமிட்டார்.