தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே!

நடுவர் அவர்களே, ரந்தாவ், லாபு, பகாவ் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே!

வீட்டிலேயே படித்தால் பிள்ளை தன் வேகத்தில் படிக்கும் என்றார் எதிரணி அக்கா. படிக்கும், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய வழக்கு மதிப்பெண்ணைப் பற்றியதல்ல. நாலு பேரோடு பிள்ளை எப்படிப் பழகும் என்பதைப் பற்றியது!

வீட்டுக்கல்வி யாருக்குக் கட்டுப்படியாகும்? ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்க முடிகிற குடும்பத்துக்கு. நம் தாய்மார்கள் விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போனவர்கள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பால்மரம் வெட்டியவர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல தோட்டங்களில் கிடைத்தது ஓர் அறை. சில இடங்களில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியே வாத்தியார். அந்த அறையில்தான் பல லயத்துப் பிள்ளைகள் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். 2003இல் மலேசியாவில் ஆரம்பக் கல்வி கட்டாயமானது. இன்று வீட்டில் கற்பிக்கக் கல்வி அமைச்சின் விலக்கு வேண்டும்.

2020 மார்ச்சில் கோவிட் தொற்றால் பள்ளிகளை மூடினார்கள். வீட்டிலிருந்து படிக்க மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு! அது அவசரத்துக்குச் செய்தது, உண்மையான வீட்டுக்கல்வி அல்ல என்பீர்கள். சரி. பள்ளி திறந்ததும் நான் கண்டதைச் சொல்கிறேன். சிற்றுண்டிச்சாலையில் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் மீ கோரேங் தட்டோடு நடுவில் நிற்கிறான். எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி நகர்ந்து, “இங்க வா தம்பி” என்றாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அவனுக்கு அம்மா வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். முன்பின் தெரியாத பிள்ளை நகர்ந்து கொடுத்த அந்த இடத்தை எந்த அம்மாவால் கொடுக்க முடியும்?

பகடிவதை நடக்கிறதே என்றார் அக்கா. நடக்கிறது. நினைத்தாலே வயிறு எரிகிறது. ஆனால், கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் தம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால், அடிவாங்க மிஞ்சுவது யார் பிள்ளை? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டிக் கேட்க வேண்டியவர் அவரல்லவா!

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சனம் சிரம்பான் நகரப் பக்கம் போனது, தோட்டப் பள்ளிகள் சிறுத்தன. முப்பது பேர் படிக்கும் பள்ளியில் மூவர் விலகினால் அஞ்சல் ஓட்டத்துக்கு ஆள் தேடணும், நாடகத்துக்கு ஆள் தேடணும். அந்த மூவரும் வீட்டில் நன்றாகவே படிக்கட்டும். மீதி இருபத்தேழு பேருக்கு எதிரணி என்ன வழி வைத்திருக்கிறது? சொல்லச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே, உட்கார்ந்து கேட்கிறேன்.