ஐந்து பேரும் ஒரே மேசையில்
(பொன்விழாக் கூட்டத்தில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)





நம் சங்கத்தின் 50ஆம் ஆண்டு நிறைவு விழாவில் இளைஞர்களுக்கும் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ், மிக்க நன்றி. ஈப்போவில் ஒரு பேரங்காடியில் நடந்த வட்டார மின்விளையாட்டுப் போட்டிக்கு நம் சங்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் போய் வந்தோம். அதைப் பற்றிச் சொல்லும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். "கைப்பேசியைத் தட்டுவதற்கும் ஒரு போட்டியா?" என்று எங்கள் வீடுகளிலேயே கேட்டார்கள். அந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறோம்.

நாங்கள் ஆடியது மொபைல் லெஜண்ட்ஸ். ஒரு பக்கம் ஐவர், எதிர்ப்பக்கம் ஐவர். மூன்று பாதைகள் வழியாக முன்னேறி, காவல் கோபுரங்களை உடைத்து, எதிரணியின் தளத்தை வீழ்த்த வேண்டும். ஐவருக்கும் ஐந்து வேலை. அதில் ரோமர் என்று ஒருவர் உண்டு. அவர் பொன்னும் சேர்ப்பதில்லை, புள்ளியும் தேடுவதில்லை. மற்றவர்களுக்கு முன்னால் நின்று அடி வாங்குவதும், எதிரி எங்கே மறைந்திருக்கிறான் என்று பார்த்துச் சொல்வதும்தான் அவர் வேலை. ஆட்டம் முடிந்து கணக்கைப் பார்த்தால் அவர் பெயர் கீழே இருக்கும். ஆனால் அவர் சரியில்லை என்றால் அணி நிற்காது. நம் சங்கத்தின் கந்தூரியில் தேக்சாவுக்குப் பக்கத்தில் நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள், புரியும்.

உலகமும் இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவில்லை. 2019இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்கு முதன்முறையாகப் பதக்கம் கொடுத்தார்கள். ஹார்த்ஸ்டோன் என்ற ஆட்டத்தில் மலேசியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த இயூ வெங் கியன் ஒரு மருத்துவர். அதே ஆண்டில் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ் என்ற இளைஞர், டெக்கன் ஆட்டத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு பெரிய ஈவோ போட்டிகளையும் வென்றார். 2023இல் கம்போடியாவில் நடந்த சீ போட்டியில் மொபைல் லெஜண்ட்ஸ் ஆட்டத்துக்கு மகளிர் பிரிவும் இருந்தது. 2024 ஜூலையில் ரியாத்தில் நடந்த அனைத்துலகப் போட்டியில், நம் நாட்டின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்று வீழ்த்திப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசை வென்றது.

நாங்கள் அந்த உயரத்துக்குப் போகப் போவதாகச் சொல்லவில்லை. எங்களுக்கு இந்த ஆட்டம் ஏன் வேண்டியிருந்தது என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

1985இல் ஈயச் சந்தை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சுரங்கத்தையும் தோட்டத்தையும் நம்பிக் கடை வைத்திருந்த குடும்பங்கள் ஈப்போ, கோலாலம்பூர், ஜொகூர் என்று பிழைப்பைத் தேடிப் போயின. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்கள் அணியில் மூவர் பத்து காஜாவில் இருக்கிறோம். ஒருவர் ஈப்போவில், ஒருவர் பூச்சோங்கில். முன்பெல்லாம் பெருநாளைக்குப் பெருநாள்தான் சந்திப்போம். இந்த ஆட்டம் வந்த பிறகு, வாரத்தில் மூன்று இரவு, இஷா தொழுதுவிட்டு இரண்டு மணி நேரம் ஒன்றுசேர்கிறோம். ஆட்டத்துக்கு நடுவில்தான் பாட்டியின் கண் அறுவை சிகிச்சை பற்றியும், மச்சானின் வேலை பற்றியும் பேசிக்கொள்கிறோம். எஸ்பிஎம் தேர்வு நெருங்கியபோது படிவம் ஐந்து மாணவர் இருவருக்காக எல்லோரும் நிறுத்தினோம்.

போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன் ஒன்றை விசாரித்தோம்: பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது? இதற்குமுன் வேறொரு போட்டிக்கு அழைப்பு வந்தது. அதில் ஒவ்வோர் அணியும் 50 ரிங்கிட் கட்ட வேண்டும். சேர்ந்த பணம் வென்றவருக்கு. ஹஜ்ரத்திடம் கேட்டோம். கலந்துகொள்பவர்கள் போட்ட பணத்தையே ஜெயித்தவர் எடுத்துக்கொண்டால் அது சூது என்று விளக்கினார்கள். சூரா அல்மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்துத் தடுப்பது இதைத்தான். அந்தப் போட்டியை விட்டுவிட்டோம். ஈப்போ போட்டியில் கட்டணம் இல்லை. பரிசை ஏற்பாட்டாளர்களே கொடுத்தார்கள்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டத்துக்குள் காசு கொடுத்து, என்ன கிடைக்கும் என்று தெரியாமலே குலுக்கலில் உடை வாங்கும் வசதி உண்டு. இத்தகைய குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் நாடு 2018இலேயே அறிவித்தது. எங்கள் அணியில் யாரும் அந்தக் குலுக்கலில் காசு போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். உங்கள் பிள்ளையின் கைப்பேசியில் இதை மட்டும் பாருங்கள்.

போட்டி நாளில் தொழுகை எப்படி என்று கேட்பீர்கள். ஈப்போ இங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். பூச்சோங்கிலிருந்து வந்தவரைத் தவிர எங்களுக்குப் பயணச் சலுகை கிடையாது! தொடங்கிய ஆட்டத்தை நடுவில் நிறுத்தவும் முடியாது. அதனால் காலையிலேயே ஏற்பாட்டாளர்களிடம் நேரம் கேட்டுவைத்தோம். லுஹரை முதல் சுற்று முடிந்ததும், அஸரைக் காலிறுதிக்கு முன்பும் பேரங்காடியின் சுராவில் ஜமாஅத்தாகத் தொழுதோம். எங்களுடன் மோத இருந்த மலாய் அணியினரும் அதே சஃப்பில் நின்றார்கள்.

இரண்டு சுற்று வென்றோம். காலிறுதியில் அவர்களிடமே 2-1 என்று தோற்றோம். அவர்கள் ஒரே பள்ளி மாணவர்கள். தினமும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுபவர்கள். ஒருவர் தலையசைத்தால் மற்றவருக்குப் புரிந்துவிடுகிறது. நாங்கள் ஐவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆடியது அன்றுதான் முதல் முறை. அந்த வித்தியாசம் மூன்றாவது ஆட்டத்தில் தெரிந்தது.

ஆகவே பெரியவர்களிடம் ஒரு கோரிக்கை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, கேரம் பலகை போட்டிருக்கும் அதே மண்டபத்தை எங்களுக்குத் திறந்து தாருங்கள். வெளியூரில் இருப்பவர்களும் வருவார்கள். மஃரிபும் இஷாவும் அங்கேயே தொழுவோம். எங்கள் சகோதரிகளும் ஆட விரும்புகிறார்கள். அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கி, தாய்மார்கள் யாரேனும் உடன் இருந்தால் நல்லது. பெரியவர் ஒருவரும் எங்களுடன் வந்து உட்கார வேண்டும். காவலுக்கு என்று வராதீர்கள், ஆட்டத்தைப் பார்க்க வாருங்கள். யார் எந்தப் பாதையில் போகிறார்கள் என்று நாங்கள் சொல்லித் தருகிறோம். இந்த மண்டபம் எப்படி எழுந்தது என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்.

ஐம்பது ஆண்டுகளாக நம்மை ஒன்றுசேர்த்து வைத்திருக்கும் இந்தச் சங்கத்துக்கு அல்லாஹ் மேலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.