குழலின் குணம்



பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போயிருப்பீர்கள். அன்று விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். முருகனைக் கும்பிட்டுக் கீழே வந்தால் வளையல் கடை, பொரிகடலைக் கடை, ராட்டினம், அதையொட்டிப் பலூன் சுடும் கடை. கடைக்காரர் ஏர்கன்னின் குழலை மடக்குவார், மிளகளவு ஈய ரவையை உள்ளே வைப்பார், குழலை நிமிர்த்தி நம் கையில் கொடுப்பார். என் பத்தாவது வயதில் துப்பாக்கி என்ற பொருளை நான் தொட்டது அங்கேதான். ஐந்து ரவை போட்டேன். ஐந்தும் பலகையில்தான் பட்டன. ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையில் விரல் வைத்த அந்த ஒரு நொடியில் திருவிழாச் சத்தம் அத்தனையும் காதைவிட்டுப் போனது. குறி பார்ப்பதில் உள்ள இன்பம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்த இன்பத்துக்காகவே தோட்டாவையும் தாமே செய்துகொள்கிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. சுட்டபின் கீழே விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுப்பார்கள். அதைத் துலக்கி, அச்சில் வைத்து அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு அடியில் புதிய கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. மருந்தை நிறுக்கும் அளவுக்குக் கிரெய்ன் என்று பெயர். தானியமணி என்று பொருள். நம் ஆசாரிமார் தங்கம் நிறுத்த குன்றிமணி இருக்கிறதே, அதில் ஏறக்குறையப் பாதி எடை. அந்த நுணுக்கத்தில் நிறுத்து நிறுத்து, ஒரு தோட்டாவைப் போலவே இன்னொன்றைச் செய்வார்கள். செலவு குறையும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு துப்பாக்கிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றுக்கு ஒத்த மருந்து மற்றொன்றுக்கு ஒத்துவராது. தன் துப்பாக்கிக்கு எது ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிக்க மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். வீட்டுக் கொல்லையில் யாரும் செய்து பார்க்கிற காரியம் இல்லை இது. அது சரிதான் என்பது என் எண்ணம்.

ஆனால் இந்தக் கைவேலை நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். திண்டிவனம் பஸ் நிலையத்தில் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய தாத்தாக்கள் கையில் இருந்தது வாய்வழி மருந்து போடும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. அதற்குக் கடைத் தோட்டா கிடையாது. ஒவ்வொரு வெடிக்கும் குழல் வாயில் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் கெட்டித்து, மேலே ரவை போட வேண்டும். எல்லாம் கைக்கணக்கு. குறி தப்பினால் அடுத்த வெடிக்குள் பறவை பறந்துவிடும். அதனால் அவர்களுக்கு ஒரு வெடி என்பது ஒரு வேளைச் சோறு.

அந்தப் பஸ் நிலையத்தில் பாசி கோத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்தேன். எவ்வளவு மருந்து போடுவீர்கள் ஐயா என்று கேட்டேன். சிரித்தார். "அது குழலுக்குத்தான் தெரியும் சாமி. ஒண்ணு எடப்பக்கம் இழுக்கும், ஒண்ணு தோளை ஒதைக்கும். கூடவே இருந்து பழகணும்" என்றார். அச்சும் தராசும் வைத்துக்கொண்டு அயல்நாட்டுக்காரர் மாதக்கணக்கில் தேடுகிற விஷயத்தை, அவர் ஊசி நூலில் இருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிட்டார்.

வேட்டையைச் சட்டம் அடைத்துவிட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் செய்த திருத்தம் மிச்சம் இருந்த வழியையும் மூடியது. அதை நான் குறை சொல்லமாட்டேன். சொல்லவும் முடியாது, ஏனென்றால் பறவைக்காகத் துப்பாக்கியை எதிர்த்து நின்ற மண் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து சென்னைச் சாலையில் போனால், மதுராந்தகத்துக்கு அருகே வேடந்தாங்கல். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அந்த ஏரிக்கு வந்து பொழுதுபோக்காகக் கொக்கும் நாரையும் சுட்டுத் தள்ளினார்கள். ஊர் ஜனங்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார் அவர். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. அந்த ஜனங்கள் இரக்கத்தால் மட்டும் போகவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் எருவில்லாமலே விளைகிறது என்பதைக் கண்டிருந்தார்கள். பறவை போனால் விளைச்சலும் போகும். அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை என்பது நீங்கள் அறிந்ததுதான்.

நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே கழுவேலி இருக்கிறது. மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் சதுப்பு நிலம். 2021 டிசம்பரில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் ஏறியது. சதுப்பு நிலத்தில் துப்பாக்கி செய்யும் கேடு வெடிச் சத்தத்தோடு முடிவதில்லை. இலக்கில் படாத ஈய ரவை சேற்றில் தங்கிவிடும். வாத்துக்குப் பல் இல்லை. இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். கல் என்று ரவையை விழுங்கினால் அது வயிற்றில் கரைந்து, ஈயம் ரத்தத்தில் ஏறி, பறவை மெல்ல மெல்லச் சாகும். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது என்று அமெரிக்காவே 1991இல் நாடு முழுக்கத் தடை போட்டது.

அப்படியானால் குறி பார்க்கிற ஆசையை என்ன செய்வது? பறவையைவிட்டு அதைப் பிரித்தெடுக்க முடியும். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிர்ப் புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். இன்று அந்த இடத்தில் கையகலத் தட்டு ஒன்று பறக்கிறது. அதற்கு மண்புறா என்றே பெயர். புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் அந்தத் தட்டைச் சுட 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் போய் வந்தார்.

எனக்கு இன்னும் பிடித்தது பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். மருந்தே இல்லை, காற்றின் அழுத்தம்தான். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். பென்சில் முனையால் ஒருமுறை தொட்டு எடுத்த அளவு. இதயம் துடிக்கும் துடிப்புக்குக்கூடக் குழல் அசையும். இதில் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். 1993வரை விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். ஆனால் அவர் வளர்ந்ததும் பழகியதும் குஜராத்தில்.

இங்கே ஏன் முடியாது என்று கேட்கத் தோன்றுகிறது. பத்து மீட்டர் என்பது முப்பத்துமூன்று அடி. ஒரு கல்யாண மண்டபத்தின் நீளம்கூட வேண்டாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழலும் இருபது ஜூலுக்கு மேற்படாத சக்தியும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. திண்டிவனத்தில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று என்று சுடுதளம் அமைக்கலாம். ரவையெல்லாம் இலக்குக்குப் பின்னால் ஒரு பெட்டியில் சேர்ந்துவிடும், ஏரிக்குப் போகாது. அங்கே முதல் இடத்தை நரிக்குறவர் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சான்றிதழ் கையில் வந்தால் படிப்புக்கும் வேலைக்கும் வழி பிறக்கும். தாத்தாவிடமிருந்து வந்த குறி பார்க்கும் கண்ணுக்கு வழி யார் காட்டுவது?

போன பங்குனி உத்திரத்தன்று அதே பலூன் கடையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவர் நான்கு ரவையை வீணடித்திருந்தார். ஓரமாக, கழுத்து நிறையப் பாசிமாலை தொங்க, பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் சுடவில்லை, கையில் காசு இருந்திருக்காது. ஐந்தாவது ரவை போடும்போது சொன்னான்: "அண்ணா, அந்தக் குழலு எடப்பக்கம் இழுக்குது. செவப்பு வேணும்னா பக்கத்துல இருக்கிற பச்சையைப் பார்த்து அடி."

மாணவர் பச்சையைப் பார்த்துச் சுட்டார். சிவப்பு வெடித்தது.